பத்தாம் எண் கட்டிலுக்குப் பூசிய சாம்பல்

என் பெயர் கண்ணாயிரம். முப்பத்தோரு வருஷம் கிரிவலப் பாதையில் ஆட்டோ ஓட்டியவன். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு, மலையைப் பற்றி மலையே கேள்விப்படாத கதைகளை எல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒரு ஜெர்மன்காரர் அவற்றை எழுதிக்கொண்டுபோய் அங்கே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார் என்று கேள்வி. ஆனால் இப்போது சொல்லப்போவது அந்த வகை அல்ல. இதில் மூன்று பேர் செத்திருக்கிறார்கள். செத்தவர்கள் விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை. ஒரே ஒருமுறை சொன்னேன். அது எதுவென்று கடைசியில் சொல்கிறேன்.

வேங்கிக்காலுக்கு அந்தப் பக்கம் ஓர் அரிசி ஆலை முதலாளி கட்டிய மருத்துவக் கல்லூரி. பெயர் வேண்டாம், அவர் அரிசியைத்தான் நாங்கள் இன்னும் சாப்பிடுகிறோம். அங்கே ஆண்கள் அறுவை வார்டில் பத்தாம் கட்டில் என்னுடையது. எனக்குக் குடலிறக்கம். நர்சுகள் ஹெர்னியா என்பார்கள். எங்கள் பக்கத்தில் இரணியா. இரணியனும் வயிறு கிழிந்துதான் போனான் என்பதை என் மகள் வேதாவுக்கு நினைவூட்டினேன். "வாய வச்சிக்கினு சும்மா இருப்பா" என்றாள். ஆபரேஷனுக்கு அடுத்த திங்கட்கிழமை நாள் குறித்திருந்தார்கள்.

சிவராத்திரி முடிந்த வாரம். மலையில் காய்ந்த புல் தீப்பிடித்து மூன்று நாளாக எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் கரித்துகள் மிதந்து வந்து சாப்பாட்டுத் தட்டில் இறங்கும். ஆயா துடைத்துத் துடைத்து அலுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டாள்.

காலை எட்டு மணிக்கு மாணவர்கள் வருவார்கள். ஆளுக்கொரு நோட்டு, ஒரே கேள்வி: "உங்களுக்கு என்ன பண்ணுதுங்க?" ஆறு பேர் வந்து ஒரே கேள்வியைக் கேட்டால் ஒரே பதிலைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்காதா? ஒருத்தியிடம் என்னைக் கட்டுவிரியன் கடித்ததென்றும், பாம்புதான் செத்ததென்றும் சொன்னேன். இன்னொருவனிடம் சின்ன வயதில் ராணி தலை போட்ட வெள்ளிக்காசை விழுங்கினேன், அதுதான் இப்போது இடுப்பில் புடைக்கிறது என்றேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்லாம் என் கேஸ் ஷீட்டில் ஏறியது.

அவளுக்குப் பக்கத்தில் நின்ற விமல்ராஜ் என்ற மாணவன் மட்டும் பாம்புக் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, பேனாவை மூடாமலே, "கடிச்சதுக்கப்புறம் பாம்பு எவ்வளவு நேரம் உயிரோட இருந்தது தாத்தா?" என்றான்.

"அரை மணி நேரம் போராடுச்சு."

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போயிருக்கலாமே?"

அன்றிலிருந்து அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மூன்றாம் வருஷம் படிப்பவன். சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பம். விடியற்காலை ஐந்தரைக்குப் பூசை, பிறகு ஹாஸ்டல் இட்லி, எட்டு மணிக்கு எங்கள் வயிறுகள், பன்னிரண்டு மணிக்கு வகுப்பு. சாயந்திரம் ஐந்து மணிக்கு ஃபைஸ் என்ற வகுப்புத் தோழனோடு ஷட்டில் ஆடுவான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீபோர்டு. வயிற்றைத் தட்டிப் பார்க்கும்போது அவன் விரல்கள் தம்மை அறியாமல் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை வாசிக்கும். "இன்னாப்பா, என் கல்லீரல்ல சுதி சேருதா?" என்று கேட்டால் கையை எடுத்துக்கொண்டு சிரிப்பான்.

அந்தப் புதன்கிழமை அவன் நெற்றியில் சாம்பலோடு வந்தான்.

எங்கள் ஊரில் நெற்றியில் சாம்பல் இல்லாதவனைத்தான் திரும்பிப் பார்ப்போம். ஒன்பதாம் கட்டில் முருகையனின் மனைவி காசியம்மாள் மட்டும் பார்த்தாள். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். அவள் கண்ணுக்கு ஒரு களைச்செடியும் தப்பாது.

"இன்னா டாக்டரே, இன்னிக்குத்தான் துன்னூறு வச்சிருக்கே? பட்டையா இல்லாம கோணலா கீது?"

"அது சிலுவைம்மா. இன்னிக்குத் திருநீற்றுப் புதன்."

அங்கேதான் வினை ஆரம்பித்தது. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். தவக்காலம் தொடங்குகிறது, நாற்பது நாள் நோன்பு, போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல் என்று நீட்டி முழக்கியிருக்கலாம். அவர்கள் கோயிலில் அந்த நாளின் பெயரே அதுதான் என்பதால் அந்தப் பெயரை மட்டும் சொன்னான். காசியம்மாளுக்குத் திருநீறு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மீதி எதுவும் தேவைப்படவில்லை.

"எந்தக் கோயிலா இருந்தா இன்னா, துன்னூறு துன்னூறுதான். எங்க ஊட்டுக்காரருக்குக் கொஞ்சம் வச்சி உடு சாமி. வயித்த ஓட்டை போட்டு பையி வச்சிருக்காங்க."

"அம்மா, அது வந்து..."

"கையில பொட்டலம் வச்சிக்கினு இல்லேன்றியே!"

வைத்திருந்தான். டியூட்டியால் பூசைக்கு வர முடியாத ஹாஸ்டல் தோழர்களுக்காகச் சாமியார் மடித்துக் கொடுத்த காகிதப் பொட்டலம், வெள்ளைக் கோட்டுப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. தாயின் வயதுள்ளவள் கைகூப்பி நிற்கும்போது இல்லை என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வரவில்லை. அது மட்டுமா, எட்டாம் கட்டில் இளவரசன் ஏற்கெனவே நெற்றியை நீட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். அடி அண்ணாமலையில் சோடாக்கடை வைத்திருந்தவர், சர்க்கரையில் கால் அழுகி வந்தவர், காது மந்தம்.

விமல்ராஜ் ஒரு சிட்டிகை எடுத்து அவர் நெற்றியில் இட்டான். காலையில் சாமியார் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு முந்நூறு நெற்றிகளுக்கும் ஒரே வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவன். விரல் நெற்றியைத் தொட்டதும் நாக்கு தானாக அதைச் சொல்லிவிட்டது.

"மறவாதே. நீ மண். மண்ணுக்கே திரும்பிப் போவாய்."

மேலே ஓடிக்கொண்டிருந்த விசிறி நின்றது. மின்வெட்டுதான். ஆனால் நின்றது.

"இன்னா சொல்றாரு?" என்றார் இளவரசன்.

"மண்ணுக்குப் போவியாம்!" என்று அவர் காதில் கத்தினாள் காசியம்மாள்.

"எப்ப?"

விமல்ராஜின் கை அதற்குள் முருகையன் நெற்றிக்குப் போயிருந்தது. அங்கேயும் வாய் முணுமுணுத்தது. பிறகு என் நெற்றி. என்னிடம் வரும்போது பாதி வாக்கியத்தில் அவனுக்கே உறைத்துவிட்டது. "திரும்பி..." என்று நிறுத்தினான். விரல் என் நெற்றியில் அப்படியே நின்றது. குளிர்ந்துபோன விரல்.

"முடிச்சுடு தம்பி. பாதியில நிறுத்தினா எங்க போறதுன்னு தெரியாம நிப்பேன்" என்றேன்.

"தாத்தா, இது எல்லாருக்கும் பொதுவா சொல்றது. எனக்கும் சொன்னாங்க."

"உனக்கு வயசு இருபது. எனக்கு எழுபத்திரண்டு. பொதுவா சொன்னாலும் வரிசைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

மீதிப் பொட்டலத்தைக் காசியம்மாள் அவன் பையிலிருந்து உரிமையோடு எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் இளவரசன் தயிர்சோறு கேட்டார். கொண்டுவருவதற்குள் போய்விட்டார். கால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் முருகையன், காசியம்மாள் தலைவாரிக்கொண்டிருந்தபோதே, ஒரு விக்கலோடு போனார். இருவருமே பிழைப்பார்கள் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வார்டில் அதை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? எட்டு, ஒன்பது. எல்லாத் தலைகளும் பத்தைப் பார்த்துத் திரும்பின.

காசியம்மாள் ஒப்பாரி வைக்கவில்லை. உடம்பை எடுத்துப் போகும்போது என் கட்டிலருகே வந்தாள். என் தலையணையைத் தூக்கி அந்தக் காகிதப் பொட்டலத்தை அடியில் வைத்தாள்.

"வாக்கு பலிக்கிற புள்ள குடுத்தது. எங்காளு கஷ்டப்படாம போனாரு. மீதி இருக்குது, நீ வச்சிக்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நல்ல மனசோடு சொன்னாள்.

சனிக்கிழமை காலை விமல்ராஜ் வார்டுக்குள் நுழையும்போது வாசலில் நான்கு பேர் காத்திருந்தார்கள். மூன்றாம் மாடியில் பதினோரு மாதமாக நினைவில்லாமல் கிடக்கிற ஒரு கிழவியின் மகன்கள்.

"டாக்டர் தம்பி, அம்மா இழுத்துக்கினே கெடக்குது. பாக்க முடியல. நீங்க வந்து ஒரு சிட்டிகை..."

நினைத்தாலே முக்தி தரும் ஊர் இது. பூசினால் தராதா?

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவர்களைக் கும்பிட்டு அனுப்பிவிட்டு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். வயிற்றைத் தொடவில்லை. பின்னாலேயே ஃபைஸ் வந்தான். அவனுக்கு ரம்ஜான் நோன்பு, இவனுக்குத் தவக்கால நோன்பு. இரண்டு பேருடைய உதடும் காய்ந்து கிடந்தது.

"டேய், அந்த ரெண்டு கேஸும் முன்னாடியே மோசம்டா. நீயே நோட்ல எழுதினியே," என்றான் ஃபைஸ்.

"எழுதினேன். அப்புறம் எதுக்கு சொன்னேன்?"

"வாய் தவறிச்சு."

"கீபோர்டுல கை தவறினா அபஸ்வரம். இங்க?" என்றான் விமல்ராஜ். "காலைல பூசையில உக்காந்தா ஜெபம் வரமாட்டேங்குது மச்சான். அந்த ஒரு வரிதான் வருது. யாரைத் தொட்டாலும் வருது. நான் படிப்பை விட்டுடலாம்னு இருக்கேன்."

"ஷட்டிலாவது ஆட வாடா."

"அதைத் தவக்காலத்துக்கு விட்டுட்டேன்."

"என்னைத் தனியா சுவத்துல அடிச்சு ஆட வுட்டுட்டு நீ மோட்சம் போ."

விமல்ராஜ் என்னைப் பார்த்தான். "திங்கக்கிழமை நீங்க நல்லபடியா வெளியே வந்துட்டீங்கன்னா இருக்கேன் தாத்தா. இல்லேன்னா ஊருக்கு பஸ் ஏறிடுவேன்."

ஆக, என் இரணியாவின் மேல் இப்போது இரண்டு உயிர்கள் தொங்கின.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதுவரை யாரிடமும் சொல்லாதது. எட்டு மாதத்துக்கு முன் நெஞ்சு அடைத்து, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, இதயக் குழாயில் ஸ்பிரிங் வைத்துக்கொண்டு வந்தேன். வேதாவிடம் கல்யாணத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். தெரிந்தால் ஆட்டோ சாவியைப் பிடுங்கிக்கொள்வாள். ரத்தம் உறையாமலிருக்க ரோஸ் நிறத்தில் ஒரு மாத்திரை, தினம் ஒன்று. ஒருநாளும் விடக் கூடாது. அதைப் புகையிலை டப்பாவில் ஒளித்து, வார்டிலும் யாருக்கும் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்கு முன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பாம்பையும் வெள்ளிக்காசையும் சொன்னவன், இதை மட்டும் சொல்லவில்லை. சாதாரண விஷயம், சொல்லச் சுவாரசியமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலோரம் நின்று கடைசி மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டேன். அட்டையைக் கம்பியில் வைத்தேன். குரங்கு ஒன்று வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. எதிர்ச்சுவரில் உட்கார்ந்து ஒவ்வொரு குழியாக நக்கிப் பார்த்தது. பின்னால் மலை புகைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உறையாத ரத்தத்தோடு மேஜையில் படுக்கப்போகிறேன். அந்தப் பிள்ளை நெற்றியில் சொன்னது வாக்கு அல்ல, கணக்கு.

பத்தரை மணிக்குப் பூசை முடிந்து, கீபோர்டு வாசித்த சட்டையோடு விமல்ராஜ் என்னைப் பார்க்க வந்தான். எழுபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒருவனிடம் ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன். வேலூர், ஸ்பிரிங், மாத்திரை.

அவன் கையை நீட்டினான். "அட்டை எங்க தாத்தா?"

"குரங்கு எடுத்துக்கினு போச்சு."

அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"நெஜமாப்பா. அதோ அந்தச் சுவத்துல உக்காந்து நக்குச்சு."

"வேலூருக்குப் போன சீட்டு, காகிதம்?"

"ஆட்டோ சீட்டுக்கு அடியில வச்சேன். எலி தின்னுடுச்சு."

சொல்லும்போதே என் காதுக்கே பொய்யாகக் கேட்டது. அவன் வேதாவுக்குப் போன் செய்தான். "வேலூரா? கல்யாணத்துக்குப் போனாரு தம்பி. நல்ல பிரியாணின்னு வந்து சொன்னாரே," என்றாள் அவள். டியூட்டி டாக்டர் அருணாதேவியிடம் போய்ச் சொன்னான். அந்த அம்மாள் என் கேஸ் ஷீட்டைப் புரட்டி, பாம்பைப் படித்து, காசைப் படித்து, எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தாள்.

"விமல், ஈசிஜி நார்மலா இருக்கு. இவருக்குப் பயம். உன் சாம்பல் வேலை எனக்கும் தெரியும். ஆபரேஷனுக்குப் போகாம தப்பிக்க ஒரு கதை விடறாரு. நீயும் அதைத்தானே நெனைக்கிற?"

அவனும் அப்படித்தான் நினைத்தான். சாம்பல் பயத்தில்தான் நான் உண்மையைச் சொன்னேன். அந்தச் சாம்பல் பயத்தாலேயே அதை ஒருவரும் நம்பவில்லை. கட்டுவிரியன் எங்கிருந்தாலும் சிரித்திருக்கும்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வார்டு உதவியாள் வந்து அடிவயிற்றில் முடி மழித்தான். அரிசி நுனியளவு ஒரு கீறல் பட்டது. "ஒண்ணுமில்ல பெருசு" என்று பஞ்சை ஒற்றி வைத்துவிட்டுப் போனான். நான் மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பஞ்சு நனைந்தது. இன்னொன்றை நானே வைத்தேன். அதுவும் நனைந்தது. வேட்டியில் கோடு இறங்கி, கட்டில் விரிப்பில் சிவப்பாக ஒரு வட்டம் மெதுவாகப் பெரிதானது. யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டுத்தான் என்ன சொல்வது? நான் சொன்னால் நம்புவார்களா?

எட்டு மணிக்குத் தள்ளுவண்டி வந்தது. தியேட்டர் கதவு வரை போய்விட்டோம். அங்கே சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான் விமல்ராஜ். நெற்றி சுத்தமாக இருந்தது. வண்டி அவனைக் கடக்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரிப்பைப் பார்த்தான்.

"இது எப்ப கீறினது?"

"ஆறரைக்கு," என்றேன்.

கடிகாரத்தைப் பார்த்தான். எட்டேகால். என் வயிற்றின்மேல் கைவைத்து அழுத்தினான். விரல்கள் பாட்டு எதையும் வாசிக்கவில்லை.

"மேடம்!" அவன் கத்தியது தியேட்டருக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தத்தையே நிறுத்தியது. "இவரு பொய் சொல்லல. இவரு ஒடம்பு சொல்லுது, வந்து பாருங்க."

முகமூடியோடு வந்த அருணாதேவி பஞ்சைத் தூக்கிப் பார்த்தாள். உடனே போனை எடுத்தாள். வேலூரில் என் பெயர், என் ஸ்பிரிங், என் மாத்திரை எல்லாம் பத்திரமாக இருந்தன. "முதுகுல ஊசி போட்டிருந்தா உள்ள ரத்தம் கட்டி, ரெண்டு காலும் போயிருக்கும். வயித்தைத் தொறந்திருந்தா ஆளே போயிருப்பீங்க," என்றாள் என்னிடம். விமல்ராஜ் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பஸ் ஏறப்போறியா?" என்றேன்.

"சாயந்திரம் ஃபைஸ் கூட ஆடப்போறேன்," என்றான். "சாமியார்கிட்ட சொல்லிக்கலாம்."

அன்று மதியமே என்னைக் கீழே இதய வார்டுக்கு மாற்றினார்கள். அவசரத்தில் துணிப்பையையும் புகையிலை டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். தலையணைக்கு அடியில் இருந்த பொட்டலத்தை மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பத்தாம் கட்டிலுக்கு ஒருவர் வந்தார். சிறுநீரகக் கல், வேறொன்றும் இல்லை. பெயர் தெரியாது, நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை படுக்கையை உதறும்போது காகித மடிப்பு கையில் கிடைத்திருக்கிறது. பிரித்தால் சாம்பல். எங்கள் ஊரில் தலையணைக்கு அடியில் துன்னூறு கிடைத்தால் யார் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்? யாரோ புண்ணியவான் வைத்தது என்று நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டாராம். பத்து மணிக்குத் தண்ணீர் கேட்டாராம், குடிப்பதற்குள் போய்விட்டாராம். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துவிட்டது என்றார்களாம். ஆயா வந்து சொல்லிவிட்டு, என் தட்டில் விழுந்திருந்த கரித்துகளை ஊதிவிட்டுப் போனாள்.

விமல்ராஜுக்குத் திங்களோடு அறுவை வார்டு முடிந்துவிட்டது, செவ்வாய் முதல் கண் பிரிவு. வியாழக்கிழமை சாயந்திரம் ஷட்டில் மட்டையோடு என்னைப் பார்க்க வந்தான். முகம் தெளிந்திருந்தது. கட்டில் கம்பியில் விரல்கள் ஏதோ பாட்டை வாசித்துக்கொண்டிருந்தன.

"தாத்தா, உங்க பெட்டுக்கு யாரோ வந்தாராமே? எப்படி இருக்காரு?"

"டிஸ்சார்ஜ் ஆயிட்டாருப்பா. கல்லு தானா வந்துடுச்சு. படியில எறங்கி நடந்தே போனாரு."

"நல்லது. அந்தச் சாம்பல் பொட்டலம்? அந்தம்மா உங்ககிட்ட குடுத்தாங்கன்னு ஃபைஸ் சொன்னான்."

"தண்ணியில கரைச்சி செடிக்கு ஊத்திட்டேன்."

தலையை ஆட்டினான். கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. செத்தவர்கள் விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய், அவரைப் படியிறங்கி நடக்கவைத்ததுதான். திங்கட்கிழமைக்குப் பிறகு நான் சொல்வதை எல்லாம் அவன் நம்புகிறான். விரல்கள் பாட்டை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கின.

பொட்டலம் எங்கே என்று ஆயாவைக் கேட்டேன். கீழே போட மனசு வரவில்லையாம். "துன்னூறு ஆச்சே பெருசு, கால்ல படக்கூடாதுன்னு அங்கயே தலைமாட்டுல சொருகி வச்சிட்டேன்" என்றாள். பத்தாம் கட்டிலுக்கு நேற்று வேறு யாரோ வந்திருக்கிறார்களாம். எப்படியும் இன்னும் மூன்று நெற்றிக்கு வரும்.